படகு விளிம்பில் ஒரு கீறல்

ஹன் ஆற்றில் படகு விட்ட பெய்ஹுவாவின் படகு விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் உண்டு. மகள் ஷுன் நடு ஆற்றில் தவறி விழுந்தது அந்த இடத்திலிருந்துதான். புருஷன் ஃபாங் தண்ணீரில் பாய்ந்துவிட்டான். துடுப்பை விட முடியாமல் தவித்தவள், கைக்கு அகப்பட்ட மீன்கத்தியால் அங்கே கீறிவைத்தாள். ஆறு குழந்தையைத் திருப்பித் தரவில்லை.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கீறல் என்றாலே பழைய கதைதான் ஞாபகம் வரும். அந்த வட்டாரம் சூ நாடாக இருந்த பழங்காலத்தில் ஒருவன் ஆற்றைக் கடக்கும்போது வாளைத் தண்ணீரில் நழுவவிட்டானாம். உடனே படகில் ஒரு கீறல் போட்டான். கரை சேர்ந்ததும் கீறலுக்கு நேர்கீழே குதித்துத் துழாவினான். படகு நகர்ந்துவிட்டது, வாள் நகரவில்லை என்பது அந்த மண்டைக்கு ஏறவில்லை. படகைக் கீறி வாள் தேடுவது; அவர்கள் மொழியில் நான்கே எழுத்தில் ஒரு பழமொழி. காலம் நகர்ந்தது தெரியாமல் நிற்பவர்களை இன்றும் அதை வைத்துத்தான் குத்துகிறார்கள்.

"என்ன அண்ணி, வாள் கிடைச்சுதா?" என்பான் டோஃபு வியாபாரி. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படிக் கேட்க எப்படித்தான் மனசு வருமோ.

"கிடைச்சா முதல்ல உன் நாக்கைத்தான் அறுப்பேன். உட்காரு."

ஊரார் சொன்னதை உதறிவிடுவாள். ஃபாங் சொன்னதுதான் ஆறவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அவன் படகைக் கரையேற்றி, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எண்ணெய் தேய்ப்பான். அந்த வேலையில் அவளைக் கிட்டேயே விடமாட்டான்.

"அந்த இடத்தைப் பாத்துச் சுரண்டு."

"அந்த சூ நாட்டுக்காரன் உங்கிட்ட தோத்தான். அவ அங்க இல்லடி."

"எனக்குத் தெரியாதா? அப்ப எங்க போய்ப் பாக்கச் சொல்ற?"

அவன் சுரண்டிக்கொண்டே இருப்பான். மகள் பெயரை அவன் வாயால் கேட்டே வருஷக்கணக்காயிற்று. இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் ஃபாங் இருமி இருமியே போய்ச்சேர்ந்தான். அடுத்த கோடையில் பெய்ஹுவாவே படகைச் சுரண்டினாள். கீறல் பக்கம் எவ்வளவோ பதமாகத்தான் கை வைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் பார்த்தால், கீறல் பாதி ஆழம்கூட இல்லை. மறு கோடையில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை கோடை சுரண்டிய மரத்தில் ஒரு கீறல் தானாகவா நிற்கும்? வருஷா வருஷம் சுரண்டி முடித்து, அதே இடத்தில் அதே ஆழத்துக்கு அவன்தான் திரும்பக் கீறியிருக்கிறான். கீறி, எண்ணெய் தேய்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறான்.

"படுபாவி, சொல்லியிருக்கலாமேடா," என்று படகைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பிறகு அவனுடைய உளியை எடுத்து ஆழமாகக் கீறினாள்.

மறுநாள் படகேறிய டோஃபு வியாபாரி புதுக் கீறலைப் பார்த்துவிட்டான். "இன்னுமா அண்ணி தேடுற?"

"ஆமா," என்றாள். "இப்ப ரெண்டு பேரை."