நான் அறுத்த கயிறு

அண்டார்டிகாவில் வழிகாட்டியோடு மலையேறப் போகும் குழுவில் என் மகளுக்கு இடம் கிடைத்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. பனிப்பிளவுகள் உள்ள இடத்தில் எல்லோரும் ஒரே கயிற்றில் இணைந்துதான் நடப்பார்களாம். "கயிறு அறுந்துட்டா?" என்று தினமும் கேட்பேன். "அறாதுப்பா" என்பாள்.

அங்கே சாமான்களைப் பனியில் இழுத்துப் போக வேண்டும். அதற்காகத் தூத்துக்குடிக் கடற்கரையில் இடுப்பில் கயிறு கட்டி லாரி டயரை இழுத்துப் பழகினாள். ஒருநாள் காலை நானும் போனேன். அங்கே வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, மாட்டுக்குப் பதிலா பிள்ளையப் பூட்டிட்டியளா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "போதும், நிறுத்துளா" என்று கத்தினேன். அவள் நிற்கவில்லை. அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, விறைத்திருந்த கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தேன். முழுப் பலத்தோடு முன்னால் சாய்ந்திருந்தவள், கரையில் கிடந்த கல்லில் முகம் மோத விழுந்தாள். உதடு கிழிந்து, முன்பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தம்.

வலைக்காரர் என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார். "கிறுக்கா வே உமக்கு? பிள்ளையக் கொல்லப் பாத்தீரே."

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "கயிறு அறுந்துரும்னுதானப்பா பயந்திய?"

தையல் பிரித்த பிறகு மறுபடி கடற்கரைக்கு வந்தாள். புதுக் கயிறு வாங்கி நானே டயரில் கட்டிக் கொடுத்தேன். அவள் என் முடிச்சை அவிழ்த்து, தானே கட்டிக்கொண்டு இழுத்தாள்.

அடுத்த மாதம் முன்பின் தெரியாதவர்களோடு அவள் ஒரே கயிற்றில் நடப்பாள். அவர்களில் யாரும் என்னைப்போல் பயந்தவராக இருக்கக் கூடாது என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.