ஓசித் திராட்சையும் ஒரு தாடியும்

போன மாதம் இன்டர்நெட்டில் திராட்சை தேடினேன். எங்கே உட்கார்ந்துகொண்டு தெரியுமா? கம்பத்தில்! ஜன்னலைத் திறந்தால் திராட்சைப் பந்தல் கண்ணில் படுகிற ஊரில்...

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

காதர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கேரளாவுக்குத் திராட்சை அனுப்பும் வியாபாரி. நல்லதை மேலே பரப்பி அழுகலை அடியில் ஒளிக்கும் வித்தை அவனுக்கு வராது. மேல் வரிசை எப்படியோ, அடி வரிசையும் அப்படியே. அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் புதிதாக அட்டைப்பெட்டி அடிக்கக் கிளம்பினான். கேரளச் சந்தையில் தமிழ் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? படத்தைப் பார்த்துத்தான் பெட்டியை எடுப்பார்கள்.

"மாப்ள, பத்திரிகையில எழுதுறவன்தான நீ? நல்ல படமா ஒண்ணு புடிச்சுக் குடு" என்றான்.

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப இன்னும் ஆள் இருக்கிறது!

தேடியதும் கிடைத்தது. பனித்துளியோடு பளபளவென்று ஒரு கொத்து. சி.டி.யில் ஏற்றிக்கொண்டு உமாவின் டிடிபி சென்டருக்கு ஓடினேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, லேபிள் எல்லாம் அங்கேதான் டிசைன் ஆகும். உமா படத்தின் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். பொடி எழுத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர்.

"அண்ணே, இது அடுத்தவுக எடுத்த போட்டோ. கேக்காமப் பெட்டியில அடிச்சா வக்கீல் நோட்டீஸ்தான் வரும்."

அடுத்த நிமிடம் என் கற்பனையில் ஒரு அமெரிக்க வக்கீல் தேனி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கோட்டு, சூட்டு, கக்கத்தில் ஃபைல். டீக்கடையில் என் வீட்டுக்கு வழி கேட்கிறார். நம் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கையைப் பிடித்துக் கூட்டிவந்தே விட்டுவிடுவார்கள்!

வீட்டுக்கு வந்து படத்தை அழித்தேன். அழித்ததையும் அழித்தேன். மோடம் வயரைப் பிடுங்கினேன். அப்படியும் மனசு கேட்கவில்லை... கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

"என்ன, அதுக்குச் சளி புடிச்சிருக்கா? துண்டப் போத்தி விட்ருக்கீக?" என்றாள் என் மனைவி.

மறுநாள் உமாதான் வழி சொன்னார். "பப்ளிக் டொமைன்னு தேடுங்கண்ணே. வரைஞ்சவுக செத்து ரொம்ப வருசமாச்சுன்னா உரிமை முடிஞ்சிரும். சில பேரு உசிரோட இருக்கயிலயே 'எடுத்துக்கங்க'ன்னு விட்ருவாக. யாரும் எதுவும் கேக்க மாட்டாக."

துண்டை எடுத்தேன். தேடினேன். அடேயப்பா!

நிலாவின் பள்ளங்கள். திமிங்கிலம். பறக்கும் குதிரை. தலைப்பாகை கட்டிய தவளை. என்றைக்கோ எவரோ வரைந்தது, எடுத்தது... அத்தனைக்கும் கீழே ஒரே வரி: யாரும் பயன்படுத்தலாம். கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட யாராவது கூப்பிட வேண்டியிருக்கிறது. இங்கே கூப்பிடாமலே இலை போட்டு வைத்திருக்கிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. திமிங்கிலத்தை வைத்துக்கொண்டு கம்பத்தில் நான் என்ன செய்யப்போகிறேன்? இருந்தாலும் இறக்கினேன்.

கடைசியில் ஒரு வெளிநாட்டு நூலகத்தின் சைட்டில் அது இருந்தது. கறுப்புத் திராட்சை ஓவியம். வரைந்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல். டயல்-அப் இணைப்பு அல்லவா? முதலில் காம்பு மட்டும் தெரிந்தது. காபி குடித்துவிட்டு வந்தேன், நாலு பழம் பழுத்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தபோது முழுக் கொத்தும் திரையில்!

காதர் நம்பவில்லை. "ஓசியாவா? எங்கயும் கையெழுத்துக் கேக்கலையா?"

"கேக்கல மாப்ள. இது உலகத்துக்கே சொந்தம்!"

"அப்ப நம்ம சொத்துன்னு சொல்லு."

பெட்டி அச்சாகி, லாரி ஏறிப் போயிற்று. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

போன வாரம் கேரளச் சந்தையிலிருந்து காதரின் போன். "ஏலே, மோசம் போனோம்டா! இங்கன இன்னொருத்தன் பெட்டியிலயும் அதே கொத்து! மேல நல்லது, அடியில பூராம் அழுகல். எல்லாரும் என்னைய ஏசுறாக!"

எனக்கு ரத்தம் கொதித்தது. நம் படத்தைத் திருட எவனுக்கு இவ்வளவு தைரியம்? உமாவின் கடைக்கு ஓடி, மூச்சிரைக்க, "நல்ல வக்கீலா ஒருத்தரச் சொல்லும்மா" என்றேன்.

உமா மவுஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாரு வேணா எடுக்கலாம்னா, அவுகளும் எடுக்கலாம்லண்ணே?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை அந்த 'யாரும்' என்பதில் என்னைத் தவிர ஒருவரும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை!

மறுநாள் நான் உமாவின் கடையில் இருந்தபோது காதர் சந்தையிலிருந்து நேராக அங்கேயே வந்து சேர்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. "அடுத்த லோடுக்குள்ள பெட்டிய மாத்தணும். இல்லேன்னா எம் பேரு போச்சு. எவன்ட்டயும் இல்லாத படமா ஒண்ணு சொல்லுங்க."

உமா அவனையே பார்த்தார். நானும் பார்த்தேன். மருதாணி போட்டுச் சிவந்த தாடி. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி நிற்கும் புருவங்கள்.

"பாய், இந்த மூஞ்சி வேற யாருகிட்டயும் கிடையாது" என்றார் உமா.

"கிடைச்சாலும் எவனும் எடுக்க மாட்டான்" என்றேன் நான். முதுகில் ஒன்று விழுந்தது. வலித்தது. ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் தோட்டத்துப் பந்தலுக்கடியில், கையில் கொத்தோடு நிற்க வைத்து உமாவே படம் எடுத்தார். உலகம் முழுக்கத் தேடிய திராட்சை, தலைக்கு மேலே முட்டிக்கொண்டு தொங்கியது!

அந்தப் படத்தோடு புதுப் பெட்டி லாரி ஏறிற்று. நேற்று காதரின் போன் வந்தது. சந்தையில் "தாடிக்காரன்றெ பெட்டி எவிடெ?" என்று கேட்டு வாங்குகிறார்களாம். அடி வரிசையைக் கொட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அந்த உற்சாகத்தில் நானும் ஒரு நல்ல காரியம் செய்தேன். பத்திரிகையில் என் பத்திக்கு மேலே போடுகிறார்களே என் போட்டோ... அதை இன்டர்நெட்டில் ஏற்றி, 'யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்' என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

இதுவரை அதை எடுத்திருப்பவள் என் மனைவி ஒருத்திதான் - திருஷ்டிப் பூசணிக்காயில் ஒட்ட!