ஆறாவது முக்கோணம்

பாலையூற்றில் சோமசேகரத்தாரின் வீட்டுக்குள் போகிறவர்கள் தலையைக் குனிந்துதான் போகவேண்டும். முன்னறைக் கூரையிலிருந்து செவ்வாய், வியாழன், வளையத்தோடு சனி என்று கோள்கள் தொங்கும். எல்லாம் பிறிஸ்டல் போட் என்கிற தடித்த தாளில் செய்தவை. துறைமுகப் பக்கத்துக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன் ஓய்வாக இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. குசினியில் காய்ச்சிய மாப்பசையும் கத்தரிக்கோலுமாக நாள் முழுக்க மேசையடியில்தான் கிடப்பார். "கிரகம் பிடிச்ச மனுசன்" என்று மனைவி புஷ்பவதி வாய்க்கு வாய் சொல்வாள்.

முக்கோணங்களை வெட்டி, ஒட்டி, பந்தாக்கி, கோளின் நிறத்தைப் பூசவேண்டும். பார்த்தால் லேசான வேலை. ஆனால் அதிலொரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான முனைகளில் ஆறு முக்கோணங்கள் கூடும். சில முனைகளில் மட்டும் ஐந்துதான் கூடவேண்டும். தாளை வளைப்பது அந்த ஐந்துதான். அங்கேயும் ஆறை ஒட்டினால் பந்து வராது, பாய்தான் வரும்.

போன மாரியிலிருந்து அவர் எல்லா முனையிலும் ஆறையே ஒட்டத் தொடங்கினார். அதற்கு முன்பே சந்திவரை போய் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். மறதி நோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருக்கும் மகள் கீர்த்தனி அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் கதைத்து வைத்துவிட்டாள். அப்பா இல்லத்தில், அம்மா தன்னோடு. இத்தனை வருசம் ஒன்றாய்க் கிடந்ததுகளைப் பிரிக்க எப்படித்தான் மனம் வந்ததோ! அவளுக்கும் வேலை, பிள்ளைகள். யாரைத்தான் குறை சொல்வது?

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை பிள்ளை. இப்பவும் பந்து செய்யிறார். மூளை பழுதெண்டா அது ஏலுமே?" என்று புஷ்பவதி தொலைபேசியில் அடித்துச் சொல்வாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்றவும் வேண்டுமே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில் சாய்ந்ததும் மேசையடிக்குப் போவாள். பசை இறுக முன்னம் பிழையான முனையில் ஒரு முக்கோணத்தை உரித்தெடுத்து, மிச்ச ஐந்தையும் இழுத்து ஒட்டுவாள். பார்த்துப் பார்த்தே பழகிய கை. அவர் எழும்பி வந்து, வளைந்திருக்கும் தாளைத் தடவிப் பார்ப்பார். பிறகு அடுத்த முக்கோணத்தை வெட்டத் தொடங்குவார். தான் செய்ததென்றே நினைக்கிறார், பாவம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் கீர்த்தனி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். புதிதாகத் தொங்கிய செவ்வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நீங்கள் சொன்னது சரிதான் அம்மா. அந்த இடம் இப்ப வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

புஷ்பவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். முன்னறையில் அவர் மகளோடு கதைப்பது அங்கே நன்றாகக் கேட்டது.

"இப்பிடிக் கதிரையில இருங்கோ தங்கச்சி. ஒரு கதை சொல்லுறன், வெளியில விடாதையுங்கோ. இதெல்லாம் நான் செய்யிறேல்லை. எனக்கு இப்ப ஒண்டும் பிடிபடுகுதில்லை. மனுசிதான் மத்தியானத்தில திருத்திறவ. அவ திருத்தட்டும் எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறனான்."

புஷ்பவதி அடுப்பை அணைத்தாள்.

"அப்பா" என்றாள் கீர்த்தனி.

அது அவர் காதில் ஏறவில்லை. "எனக்கொரு மகள் கொழும்பில இருக்கிறா. அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ தங்கச்சி. தெரிஞ்சா என்னை எங்கையாவது கொண்டுபோய் விட்டிடுவா. பிறகு மனுசி தனிய என்ன செய்வா?"

"சொல்லமாட்டன்" என்றாள் கீர்த்தனி.

இரண்டு நாளில் கொழும்பு இல்லத்துக்குப் போக வான் வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி அவரை ஏற்றினார்கள். புஷ்பவதி பக்கத்தில் ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்கில் பசை காய்ந்திருந்தது. கதவைச் சாத்தவந்த கீர்த்தனியை அவர் கிட்ட வரச்சொன்னார்.

"தங்கச்சி, மகளுக்குச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை ஐயா" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.