ரயில் போகும்வரை

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கால் புண்ணுக்கு மருந்து கட்டிய தாதியின் கையில் அயடின் மணந்தது. வெள்ளவத்தையில், கடலோர ரயில்பாதையை ஒட்டியிருந்த எங்கள் டியூஷன் கொட்டகையும் இப்படித்தான் மணக்கும். அவித்த இலையில் அயடின் விட்டு மாப்பொருள் தேடிய மேசைகளுக்கு மேலே, உப்புக்காற்றில் துருவேறிய தகரம் படபடக்க, உயிரியல் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் "கலம், இழையம், அங்கம், தொகுதி, அங்கி" என்று ஒற்றைக் கலத்திலிருந்து முழு உயிருக்கு ஏறி, சூழற்றொகுதி வரை கூட்டாக ஒப்புவிப்போம். ரயில் வந்தால், அதுவரை சொன்ன சொல்லோடு வாயை மூடிக்கொள்வோம். அது போனதும், யாரும் சொல்லாமலே, எல்லோரும் அடுத்த சொல்லில் தொடங்குவோம். வெளியே குடையோடு காத்து நிற்கும் அம்மாவுக்கும் அந்த வரிசை மனப்பாடம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடிக் குடியிருப்பு.

டொக்டர் வந்து, "கால்ல சதை அழுகிட்டுது. கிருமி ரத்தத்தில ஏறி, இப்ப கிட்னியும் நிண்டிட்டுது. விளங்குதா?" என்றார்.

"ஓம்."

அவர் சதை என்றபோது இழையம் என்றும், கிட்னி என்றபோது அங்கம் என்றும் எனக்குள்ளே ஓடியது. "இனி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். மிச்சச் சொற்கள் எனக்குத் தெரியும். ரயில் போகட்டும் என்று காத்திருப்பவள் போல, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.