வாசலில் நின்ற மெத்தை

1. ஒன்பது நாள் தவணை

வீட்டுவசதிச் சங்கம் ஒன்றில் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீஸராகச் சேர்ந்து எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். வாராந்த இன்ஸ்பெக்சனுக்காக லண்டன் நோர்பரியில் ஒரு பிளாக்குக்குப் போனேன். தளத்துக்கு இரண்டாக ஆறு வீடுகள், ஒரே படிக்கட்டு, ஒரே வாசல். அந்த வாசல் கதவிலிருந்து ஒரு கை தூரத்தில் பெரிய மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பைகள் நிறைய ஆண்களின் உடுப்புகள்.

எங்கள் விதியில் குழப்பமே இல்லை. வாசலருகே எரியக்கூடிய பொருள் எது இருந்தாலும் படமெடுத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு நாளுக்குள் உரியவர் எடுக்காவிட்டால் எங்கள் வேன் வந்து எடுத்துவிடும்.

ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் புவனேஸ்வரி அன்ரி. என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார்.

"பிள்ளை, அது இவற்ற மெத்தை. இதிலதான் கிடந்தவர், இதிலதான் போனவர். உள்ளுக்கை வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு. குப்பையில போடவும் மனம் வரேல்லை. முப்பத்தொண்டு முடியட்டும், மகன் வந்து எடுப்பான்."

அவர் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கவுன்சிலிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தால் அப்பா பிரிக்காமல் எனக்காக எடுத்து வைத்திருப்பார். இப்போது அப்படிப்பட்ட கடிதங்களை எழுதுகிறவளே நான்தான். எங்கள் அலுவலகத்தில் இந்த அன்ரியின் மனம் என்னைத் தவிர வேறு யாருக்கு விளங்கும் என்று நினைத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒன்பது நாளும் இருக்கட்டும் என்று அன்ரியிடம் சொல்லி, ஸ்டிக்கரைப் பைக்குள் போட்டுவிட்டு, "குடியிருப்பாளருடன் பேசியாயிற்று, அகற்றுவார்" என்று டேப்லெட்டில் பதிந்தேன்.

2. மெத்தைக்கு வந்த சொந்தங்கள்

மறுநாள் காலையிலிருந்து வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன். அந்தத் தெருவால் போகும் பஸ்ஸில் மேல்தட்டில் ஏறி, வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் போவேன். இரண்டாம் நாள் மெத்தையோடு உடைந்த தள்ளுவண்டி ஒன்று சேர்ந்திருந்தது. நான்காம் நாள் அட்டைப்பெட்டிகள். ஐந்தாம் நாள் கறுப்புப் பைகளும் ஒரு நாற்காலியும். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் வேனை ஓட்டுபவர் கார்த்திக் அண்ணா, மதுரைக்காரர். பொதுவாகக் கேட்பது போல அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஒரு மெத்தைய நிக்க விட்டா நாலு நாள்ல அதோட சொந்தபந்தம் எல்லாம் வந்துரும்மா. எந்த பிளாக்குன்னு சொல்லு, இப்பவே போயி எடுத்துர்றேன்."

"இல்லை அண்ணா, சும்மா கேட்டனான்."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். திறக்கவில்லை. விதியை மீறியதை ஒப்புக்கொள்ளப் பயம். அன்ரிக்குக் கொடுத்த வாக்கை மீறவும் வெட்கம்.

ஆறாம் நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். மேல்மாடியில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் அமீனா படியில் என்னை நிறுத்தி, இதெல்லாம் எப்போது போகும் என்று கேட்டார். இன்னும் மூன்று நாள் என்றேன். அவர் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மேலே ஏறினார்.

3. ஏழாம் நாள்

பிற்பகல் நாலு மணி இருக்கும். அந்த பிளாக்கில் தீ என்று அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தீயை அணைத்திருந்தார்கள். மெத்தை இருந்த இடத்தில் கம்பிச் சுருள்கள் மட்டும் கிடந்தன. வாசல் கதவு பாதி உருகியிருந்தது. ஒரு சிகரெட் துண்டே போதும் என்றார் தீயணைப்பு வீரர். மெத்தையின் கரும்புகை முழுவதும் படிக்கட்டு வழியாக மேலே ஏறியிருந்தது.

ஐந்து வீட்டுக்காரர்கள் நடைபாதையில் நின்றார்கள். அமீனாவைக் காணவில்லை. நான் மேல்மாடி யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிடம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கடைசியில் முகமூடி போட்ட இருவர் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்தார்கள். குழந்தை அழவில்லை. அம்புலன்சில் ஏற்றும்வரை அழவில்லை.

குழந்தை தப்பிவிட்டது என்ற செய்தி மறுநாள் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏன் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று மேலாளர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றால் சின்னக் கண்டிப்போடு போயிருக்கும். தெரிந்துதான் விட்டேன் என்று சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அது இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

4. அன்ரி சொன்னது

மன்னிப்புக் கேட்க அன்ரியிடம் போனேன். கரி படிந்த சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவரை நாங்கள் ஒருக்கா எரிச்சிட்டம் பிள்ளை. மேல அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?" என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "நீ அண்டைக்கே எடுக்கத்தான் வேணும் எண்டு சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பன். அவ்வளவுதானே?"

அவர் அழுவதைப் பார்க்க எனக்குத்தான் தைரியமில்லாமல் போனது. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் தமிழும் உருதும் சோமாலியும் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு பொருள் ஏன் வாசலில் நிற்கிறது என்று உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். விளங்கட்டும். ஆனாலும் அது அன்றைக்கே போக வேண்டும். அதை அவர்கள் மொழியில் நீங்களே சொல்லுங்கள். சொன்னதும் திரும்பிவிடாமல், வேன் வரும்வரை அவர்களோடு வாசலில் நில்லுங்கள்.