தமிழுக்கு மாறிய கேமரா

வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் நான் லீவர்மேனாக இருந்தேன். சிக்னல் கேபினில் இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். சிவப்பு அடித்தது சிக்னலுக்கு, கறுப்பு அடித்தது தண்டவாளத்தைத் திருப்ப, நீலம் பூட்டுக்கு. வெள்ளை அடித்திருந்தால் அதற்கு வேலை இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அந்த நிறங்களே போதுமாக இருந்தன. வெறும் கையால் பிடித்தால் வியர்வை பட்டுக் கைப்பிடி துருப்பிடிக்கும் என்று துணியைச் சுற்றித்தான் இழுப்போம். அந்தப் பழக்கத்தில் இன்றும் கேஸ் அடுப்பின் திருகைத் துணி வைத்துத்தான் திருப்புகிறேன். என் மனைவி சிரிப்பாள்.

கேமராவைப் பற்றிச் சொல்ல வந்தேன், எங்கோ போய்விட்டேன்.

என் மனைவிக்குக் கண் மங்கிவிட்டது. சுத்தமாகத் தெரியாமல் இல்லை. பார்க்கிற பொருளின் நடுவில் புகை மாதிரி ஏதோ உட்கார்ந்துகொள்கிறதாம், ஓரங்கள் மட்டும் தெரிகிறதாம். அதனால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள், கோழி பார்க்கிற மாதிரி. கண்ணாடி போட்டும் பயனில்லை, ஆனால் பெரிதாக, வெளிச்சமாகக் காட்டினால் பார்ப்பார் என்றார் டாக்டர். முகங்கள்தான் அவளுக்கு முதலில் போயின. குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்வாள்.

இப்போது நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நகரத்துக்குள் டாக்குரியாவில் மகள் வீட்டில் இருக்கிறோம். முன்பு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்திலேயே சாந்த்ராகாச்சி ஏரி. குளிர்காலத்தில் வாத்துக்கூட்டம் வந்து இறங்கும், விசில் அடித்துக்கொண்டே பறக்கும். துணி காயப்போடப் போனவள் வாளியை வைத்துவிட்டு நின்றுவிடுவாள். நான் டியூட்டி முடிந்து வந்தால் துணி வாளியிலேயே கிடக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் சொன்னாள்: "அந்த வாத்துங்கள இன்னொரு தரம் பாக்கணுங்க. வருஷம் போகப் போக என்ன தெரியுமோ, தெரியாதோ."

மகளிடம் பழைய கேமரா ஒன்று சும்மா கிடந்தது. மூக்கு நீளும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். எடுத்த படத்தைப் பின்னால் இருக்கும் திரையில் பெரிதாக்கலாம். இதில் எடுத்துக் காட்டினால் தெரியுமே என்று கேட்டு வாங்கினேன். மகள் மேலே இருந்த சக்கரத்தைத் திருப்பிப் பச்சைக் குறியில் வைத்தாள்.

"அப்பா, பச்சையில இருக்கட்டும். இந்தப் பெரிய பட்டன் மட்டும் அமுக்கு. வேற எதையும் நோண்டாத."

"பச்சைன்னா வண்டி போலாம்னு எனக்குத் தெரியாதா? போம்மா."

ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு கேபினே இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பட்டியலில் மட்டும் விதவிதமான எழுத்துகள் வந்தன. கீழே போகப்போக நடுவில் 'தமிழ்' என்று இருந்தது. ஊரில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது. அமுக்கிவிட்டேன். கேமரா முழுக்கத் தமிழாகிவிட்டது.

மகள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். வங்காளிகள் மாதிரி "ஏ மா!" என்றாள். "எனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதே!" அவள் படித்தது வங்காளமும் இங்கிலீஷும். வீட்டில் பேசுகிற தமிழோடு சரி. "குடு, தேடிப் பாத்து மாத்திடறேன்."

"இருக்கட்டும்டி," என்றாள் என் மனைவி. "நான் இருக்கேன்ல."

எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் கடினமான சொல் வந்தால் அர்த்தம் பிடிபடாது. அவளுக்கு அர்த்தம் தெரியும், எழுத்துதான் இப்போது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சாயங்காலங்களில் நான் கூட்டுவேன், அவள் விளக்குவாள். 'வெண் சமநிலை' என்று ஒன்று வந்தது. வெள்ளைக்குத்தான் வேலை இல்லையே என்று அதை விட்டுவிட்டேன். புத்தகத்தைத் தொட்டே எத்தனையோ நாளாகியிருந்த அவள், அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்பாள். அவள் கேட்பதற்காகவே நானும் புதுசு புதுசாக எதையாவது அமுக்கினேன்.

காலையில் டாக்குரியா லேக்கில் படம் எடுத்துப் பழகினேன். அங்கே நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி அசையாமல் நிற்கும். பொத்தானை அமுக்கினால் கேமராவின் முன்னால் ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று மினுக்கும், கொஞ்சம் பொறுத்துப் படம் விழும். நான் சந்தேகப்படவே இல்லை. கேபினில் லீவரை இழுத்தால் கம்பி ஓடி, தூரத்து சிக்னல் விழ நேரம் ஆகுமல்லவா? இதற்கும் உள்ளே கம்பி இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் டாக்ஸி பிடித்தாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சாந்த்ராகாச்சி ஏரிக்கரைக்குப் போனோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாத்துகள் ஊர் திரும்புகிற சமயம், கூட்டம் முன்னைப்போல இல்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். "அதோ, வலப்பக்கம். விசில் கேக்குது பாருங்க."

அமுக்கினேன். விளக்கு மினுக்கியது. வாத்து போய்விட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி போய்விட்டது. எத்தனை தடவை எடுத்தாலும் வெறும் தண்ணீர்.

அவள் கேமராவை வாங்கினாள். முகத்துக்குக் கிட்டே வைத்துத் தலையைச் சாய்த்தாள். "நல்லா விழுந்திருக்குங்க. அழகா இருக்கு."

திரையில் ஒரு இறகுகூட இல்லை. அவளுக்கு இதுவுமா தெரியவில்லை? இவ்வளவு கிட்டே, இவ்வளவு வெளிச்சத்தில்? மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அதுல ஒண்ணுமே இல்ல. தண்ணிதான்."

"தெரியுதுடி. தண்ணியும் ஆகாயத்தாமரையும். ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட மிதக்குது. மனுஷன் ஒரு மாசமா பழகிட்டு வந்திருக்காரு, மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்றது?"

பொய் சொன்னாளே என்று அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகள் மடியில் கேமரா, நடுவில் நான், அந்தப் பக்கம் அவள். மகள் பொத்தானை நகர்த்த, நான் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். டீ ஆறிப்போயிற்று.

"சு... ய... நே... ரங்... காட்டி."

"சுயம்னா தானா. தானா நேரம் பாத்து எடுக்குமாம்," என்றாள் அவள்.

"டைமர்!" மகள் கத்தியதில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அப்பா, நீ டைமர் போட்டு வெச்சிருக்கே! ஓடிப்போய் நம்மளே படத்துல நிக்கறதுக்கு உள்ளது அது!"

"வாத்து ஓடிப்போறதுக்குன்னு நெனச்சாரு," என்றாள் என் மனைவி.

டைமரை நிறுத்தினோம். அடுத்த தடவை அமுக்கியதும் படம் விழுந்தது. தண்ணீரை விட்டு எழும்புகிற வாத்து, கால் இரண்டும் தொங்க. பூதக்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானால் மகள் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். என் மனைவி தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கண்ணச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம் இருக்கே," என்றாள். குவார்ட்டர்ஸ் கொல்லையிலிருந்து இவ்வளவு கிட்டே பார்த்ததில்லையாம்.

வாத்து போதும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ, கேமராவை என் பக்கம் திருப்பினாள். "எதடி அமுக்கணும்? ஒண்ணு மட்டும் சொல்லு."

மகள் அவள் விரலை எடுத்துப் பெரிய பொத்தானில் வைத்தாள்.

"என்னை எதுக்கு?" என்றேன்.

"சும்மா இருங்க. அசையாதீங்க, நீர்க்காகம் மாதிரி."

எடுத்தாள். பெரிதாக்கச் சொன்னாள். இன்னும், இன்னும் என்றாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, என் நெற்றி, மூக்கு, தாடை என்று திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"புருவம்கூட நரைச்சுப் போச்சா?" என்றாள். "சொல்லவே இல்லியே நீங்க."