பூனை முகர்ந்து பார்த்த நத்தார் கேக்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு என்னுடையது, ஒன்று செத்துப்போன என் தங்கச்சியுடையது. சோறு போடும்போது எது யாருடையது என்று நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. ஆகையால் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

பிறந்தது வங்காலையில். கலியாணம் கட்டிப் பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்கு வந்த நாளிலிருந்து இந்த வீடுதான். போன நத்தாரோடு, இயேசு பாலன் பிறந்த அந்தத் திருநாளோடு, என்னை இந்த வீட்டிலிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். நான் போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்ற தண்ணீர் சமைக்கும் குசினிக்குள் வந்தது, பிறகு கட்டிலுக்குக் கீழே வந்தது. என்னோடு இருப்பவன் கடைசி மகன், கடலுக்குப் போகிறவன். அவன் என்னையும் மனைவியையும் மகளையும் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாமான்களைக் காப்பாற்றத் திரும்பி வந்தான்.

நத்தாருக்கு வேண்டிய ரவை, சீனி, கஜு, காய்ந்த திராட்சை பிளம்ஸ் எல்லாவற்றையும் நான் எப்போதும் முன்கூட்டியே வாங்கி வைப்பேன். அவற்றை என்ன செய்வது என்று யோசித்தவன், மீனை ஐஸ் போட்டு வைக்கும் பெரிய பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டு, மூடியை இறுக்கி, முருங்கை மரத்தோடு கயிற்றில் கட்டிவிட்டான். அந்தப் பெட்டி தண்ணீரில் மிதக்கும், ஒரு சொட்டு உள்ளே விடாது. கடல்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

தண்ணீர் வற்றி நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, கட்டிய இடத்திலேயே பெட்டி சேற்றில் குந்திக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தோம். ரவை காய்ந்தபடி இருந்தது. சீனி கட்டிபிடிக்கவில்லை. மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அப்போதுதான் மருமகள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"மாமி, இது ரவையோ பாரைக் கருவாடோ?"

எல்லாம் மீன் மணம். அதுவும் ஒரு நாள் மீன் இல்லை, அந்தப் பெட்டி கண்ட மீன் அத்தனையும். மகன் படகைப் பார்க்கப் போய்விட்டான்.

மூத்த மகள் கொழும்பில் இருக்கிறாள். நத்தாருக்கு ஒரு கிழமை முன்பே வந்து இறங்கினாள். காஸ் அடுப்பில் கேக் வேகும் போறணைக்குள் சேறு. கரண்ட் இல்லை, கம்பங்கள் விழுந்து கிடந்தன. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா, தொட்டுப் பாருங்கோ. ஈரம் இன்னும் போகேல்ல. இதுக்குள்ள படுத்தா நெஞ்சுச் சளி வராம என்ன செய்யும்? நத்தார் முடிய என்னோட வாங்கோ. அங்க ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

"சும்மா கிடக்கிற அறையில நானும் போய்ச் சும்மா கிடக்கவோ?"

"பகிடி விடாதேங்கோ. இங்க அடுப்பில்லை, கரண்டில்லை. இந்த முறை நத்தாரும் இல்லை."

"ஆர் சொன்னது நத்தார் இல்லையெண்டு?"

அவள் என் மகள்தானே, பிடிவாதம் எங்கே போகும். இடுப்பில் கையை வைத்தாள். "சரி. நத்தார் அண்டு காலமை இந்த வீட்டில இருந்து எதிர்வீட்டுக்கு ஒரு தட்டு கேக் போகட்டும். நான் வாய் திறக்கமாட்டன். போகாட்டி, உடுப்புப் பையைக் கட்டுங்கோ."

"கட்டுறன்," என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் முஸ்லிம் ஆட்கள். அவர்களுடைய பெருநாளுக்கு இங்கே வட்டிலப்பம் வரும், எங்கள் நத்தாருக்கு அங்கே கேக் போகும். சண்டைக் காலத்தில் அவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்த வருடங்கள் தவிர, அந்தத் தட்டு ஒருநாளும் நின்றதில்லை. அது போனால் வீடு வீடாக இருக்கிறது என்று அர்த்தம். மகளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கையை வைத்தாள். ரவையின் மணத்தைப் பற்றி நானும் மருமகளும் அவளுக்கு மூச்சுவிடவில்லை.

கரண்ட் இல்லாத அந்தக் கிழமை, பொய் சொல்லாமல் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த சிமினி விளக்கை இறக்கி, சாம்பல் போட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். பொழுதுபட எல்லாரும் அந்த ஒரு விளக்கைச் சுற்றித்தான் இருந்தாக வேண்டும். ஆளாளுக்கு ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பற்றரி போட்டதும் பழைய ரேடியோ தொண்டையைச் செருமிவிட்டுப் பாடியது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. என் கையால் பின்னிய மேசைத்துணியில் சேற்றுக் கறை. அதை நீலம் போட்டு அலசி, கரிபோடும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். சூடான துணியின் அந்த மணத்துக்கு மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

செபமாலை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொடாமல் நின்றதற்கு நான் நன்றி சொன்னேன். படகு உடையாததற்கு மகன் சொன்னான். "போறணை பழுதாப் போனதுக்கு நன்றி ஆண்டவரே, இனி அதை ஆரும் என்னைக் கழுவச் சொல்லேலாது," என்றாள் மருமகள். மகளுடைய முறை வந்தது. "நான் பிறகு சொல்லுறன்," என்றாள்.

ஒருநாள் மத்தியானம் வெயில் எறித்தது. பாயை விரித்து ரவையைக் காயப் போட்டேன். எங்கள் வீட்டுப் பூனை, புயலின்போது கூரையில் ஏறித் தப்பியது, எங்கிருந்தோ ஓடிவந்து பாயில் முகத்தைத் தேய்த்துப் புரளப் பார்த்தது. மகள் கண்டுவிட்டாள். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா! இதிலயோ கேக் அடிக்கப் போறியள்? எதிர்வீட்டாக்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"நத்தாருக்கு இன்னும் நாள் கிடக்கு."

"பையை இப்பவே எடுத்து வைக்கட்டோ?"

எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது, மறைப்பானேன். கடையில் வேறு ரவை இல்லை, லொறிகள் வரும் ரோட்டு உடைந்து கிடந்தது. ஒரு மணம் கிளம்புவதற்காக என் வீட்டை விட்டு நான் கிளம்புவதா?

இரும்புத் தாச்சியை வைத்து, வாசத்துக்குத் தோடம்பழத் தோலும் கராம்பும் கறுவாவும் போட்டு, ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாக வறுத்தேன். எனக்குக் கை நோக, மருமகள் வாங்கிக் கிண்டினாள். கஜுவையும் பிளம்ஸையும் சுடுதண்ணீரில் கழுவினோம், சீனியைக் கராம்போடு பாகாகக் காய்ச்சினோம். மகன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, ரெண்டு மூடி சாராயம் விட்டா மணம் பறந்திடும்."

"எதிர்வீட்டுக்குப் போற கேக்கடா. நீ போய் முட்டை வாங்கிக்கொண்டு வா."

எங்கள் வீட்டு பிளம்ஸ் எப்போதும் தேயிலைச் சாயத்தில்தான் ஊறும். ஊறவிட்டோம். வறுத்த ரவையை ஆறவைத்து மணந்து பார்த்தேன். எனக்கு வாசம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் இத்தனை நாளாக மீன் மணத்துக்குள் இருந்த மூக்கை நம்பலாமா?

"பூனையைக் கேப்பம் மாமி," என்றாள் மருமகள்.

ஒரு தட்டில் ரவையைப் போட்டுத் தரையில் வைத்தோம். மூன்று பொம்பிளைகளும் குந்தியிருந்து பார்த்தோம். பூனை வந்தது. முகர்ந்தது. ஒருமுறை தும்மியது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கில் போய்ப் படுத்தது.

அன்றைக்குக் கோயில் மணி அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது. மருமகள் கைதட்டினாள். மகள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னும் வேகேல்லத்தானே," என்றாள்.

எரித்து வேகவைக்க என்னிடம் தேங்காய்ச் சிரட்டை இருந்தது. கூரைக்குக் கீழே சாக்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். வரும்போதெல்லாம் "இந்தக் குப்பையை எறியுங்கோ" என்று அவள் சொன்ன அதே சிரட்டைதான். பெரிய கிடாரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, தகரத்தால் மூடினேன். கீழே தணல், தகரத்துக்கு மேலும் தணல். சின்ன வயதில் மேல்தணலைப் பார்ப்பது அவளுடைய வேலை. நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்றவள், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து என்னை நகர்த்தினாள்.

"தள்ளுங்கோ. ஒரு பக்கம் கூடிப்போச்சு, கருகப் போகுது."

"கருகினா உனக்குத்தானே நல்லது."

"கருகின கேக்கைத் தின்னுறதுக்கோ கொழும்பில இருந்து வந்தனான்?"

விசிறிக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் கரி. கேக் வெந்த வாசம் ஒழுங்கை முனைவரை போயிருக்கும்.

நத்தார் காலைப் பூசை முடிந்து வந்து, பழைய இனாமல் தட்டில் துண்டுகளை அடுக்கி, தேய்த்த துணியால் மூடி, நானே கொண்டுபோனேன். மகளும் பின்னால் வந்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள், என்னைவிட இளையவள்.

"அக்கா! இந்த வருசம் வராதெண்டு நினைச்சன். தண்ணிக்குள்ள எப்பிடிச் செய்தீங்க?"

நின்ற நிலையிலேயே ஒரு துண்டை வாயில் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி மென்றாள். கண்ணை மூடினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். வெள்ளத்தில மண்ணெண்ணெய்க் கான் கவிழ்ந்து, எங்கட வீட்டில எல்லாம் அதுதான் நாறுது அக்கா, சோறும் நாறுது. இவ்வளவு நாளைக்குப் பிறகு வாயில ஒரு வாசம். பிள்ளையளுக்கு வைக்காம நானே முடிச்சிடுவன் போல."

தட்டை வெறுமையாகத் தரக்கூடாது என்று, தன் கோழி இட்ட மூன்று முட்டையை அதில் வைத்துத் தந்தாள். ஒழுங்கையின் நடுவில் நின்று மகளைப் பார்த்தேன். தட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"தெரியும், தெரியும்," என்றாள். "தட்டைத் தாங்கோ, முட்டையை உடைக்கப் போறியள்."

அன்று செபமாலை முடிந்து அவளுடைய முறை வந்தது. "அம்மாவுக்கு இன்னும் பிடிவாதம் இருக்கிறதுக்கு நன்றி," என்றாள்.

புது வருசம் முடியப் போனாள். போகமுதல் தம்பியிடம் சொல்லி என் கட்டிலை உயர்த்த வைத்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடிப்பித்தாள். நான் கட்டுவதாகச் சொன்ன பையில் மீதிக் கேக்கையும் அரைச் சாக்குச் சிரட்டையையும் கட்டிக்கொடுத்தேன். சிரட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதோ, எழுதி முடிந்தது. பேத்தி வாசலில் இருக்கிறாள்.

"பிள்ளை, இங்க வா. கொழும்பு மாமிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில போட்டிட்டு, இதை முதல்ல இருந்து வாசி பாப்பம். பூனை வாற இடத்தை மட்டும் ஆறுதலா வாசி, அவளுக்கு வடிவாக் கேக்கட்டும்."